அண்ணன் வீட்டு அலமாரி பேசிய கதை

ஹோம் தியேட்டர் வாங்குகிறவன் பாதிப் பைத்தியம். அதைச் சுவருக்குள் தானே பதிக்கிறவன் முழுப் பைத்தியம். நான் இரண்டாவது ரகம்.

உத்திரமேரூரில் எங்கள் வீட்டைப் பாகம் பிரித்தபோது அண்ணனுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு சுவர்தான் மிஞ்சியது. கிணற்று மோட்டாரை யார் எப்போது போடுவது என்ற முறைச் சண்டையில் பேச்சும் நின்றுபோனது. அந்தச் சுவரில்தான், வீடியோ பார்த்துக் கற்ற திமிரில், ஸ்பீக்கர்களைப் பதித்தேன். (அதே சுவரைக் குடைந்து அந்தப் பக்கம் அண்ணனின் அலமாரி. சின்ன வயசில் நான் ஒளிந்து விளையாடிய அலமாரி. மறந்தேன் பாருங்க!)

பெயிண்ட் அடித்து முடித்துப் பாட்டுப் போட்டால், சத்தம் போர்வைக்குள்ளிருந்து முனகியது. வால்யூமைக் கடைசிவரை திருகினேன். மைக்கைச் செருகி "ஹலோ, ஹலோ" என்றேன். ஊஹூம். வெறுத்துப்போய் மைக்கை மடியில் போட்டு உட்கார்ந்தேன்.

மனைவி மல்லிகா வந்தாள். "உங்க அண்ணன் பொண்ணு செல்விய பார்க்க தாமல் ஊர்லருந்து மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்துகீறாங்க. சித்தப்பான்னு நீங்க ஒருத்தர் கீறீங்களே, ஒரு வார்த்தை சொன்னாங்களா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணனா சொல்லும்? அது ஒரு முசுடு! அது கெடக்குது. செல்வி தங்கம்டி. எனக்கு டைபாய்டு வந்தப்போ, சண்டைய பார்க்காம தெனம் கஞ்சி கொண்டாந்து குடுத்த பொண்ணு. அவள கட்டிக்கப் போறவன் குடுத்து வெச்சவன். என்னைக் கூப்புடலன்னாலும் கல்யாணத்த வாசல்ல நின்னாவது பார்த்துட்டு வருவேன்..." மூக்கைச் சிந்தினேன். (அதுவும் மைக்குக்குப் பக்கத்தில்.)

கதவு தடதடத்தது. திறந்தால் அண்ணன்.

"டேய், எங்க அலமாரி உன் கொரல்ல பேசுது! முசுடுன்னுது. மூக்கு வேற சிந்துது. வந்தவங்க காபியக்கூட குடிக்காம அதையே பார்த்துக்கினு கீறாங்க!"

செல்வியின் சம்பந்தத்தைக் கெடுத்துவிட்டேனே என்று ஓடிப்போய் மைக்கின் ஒயரைப் பிடுங்கினேன். "அண்ணே..."

"இன்னா அண்ணே? அந்தச் சித்தப்பா வந்தாதான் தட்டு மாத்துவோம்னு மாப்பிள்ளையோட அம்மா ஒக்காந்துகினு கீறாங்க. சட்டைய மாட்டிக்கினு வாடா." சொல்லும்போதே அண்ணனுக்கும் கண் கலங்கியது.

தட்டு மாற்றியதும் மாப்பிள்ளை என் ஸ்பீக்கரைப் பார்க்க வந்தார். சுவரைத் தடவினார். பெயிண்ட் படாமலிருக்கக் கம்பெனி ஒட்டித் தந்த அட்டையை உரித்தெடுத்தார். (அதன்மேலும் பெயிண்ட் அடித்து, சுவரோடு சுவராக என்ன அழகு என்று பூரித்திருந்தேன்.)

"மாமா, முன்னாடி மூடிட்டு, பின்னாடி தெறந்து வெச்சிகீறீங்களே!"

பிறகு ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் பெட்டி அடித்து, பஞ்சு அடைத்தேன். இப்போது சத்தம் கணீரென்று இருக்கிறது. ஒன்றை மட்டும் அடைக்க அண்ணன் விடவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்ததும் குலதெய்வத்துக்கு அடுத்து அலமாரிக்குத்தான் வெற்றிலை பாக்கோடு வைத்தார். எனக்கு மூன்றாவதுதான். கிடைத்ததே பெரிது என்று கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

இன்றும் சாயங்காலமானால் அண்ணன் அலமாரியைத் திறந்து உள்ளே குரல் கொடுப்பார்.

"டேய், முசுடு கூப்புடுது. காபி ஆறிப்போவுது, வா!"