சம்பந்தியின் டிராக்டர் ஸ்டியரிங் குறித்து

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். இங்கு என் ஒருவனைத் தவிர அனைவரும் நலம். தங்கள் மகள், அதாவது என் மருமகள், மிகவும் நலம். என்னைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே உடம்பு தேறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தங்கள் தோட்ட டிராக்டரை எடுத்துப்போக வருவதாக எழுதியிருந்தீர்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதன் ஸ்டியரிங் போய்விட்டது. புல் வெட்டக் கொடுத்த அன்றே, "சம்பந்தி, ஸ்டியரிங் மட்டும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தீர்கள். "எனக்குத் தெரியாததா சம்பந்தி!" என்று வாயை அடைத்தேன். முப்பத்தைந்து வருஷம் தபாலில் முத்திரை குத்தியவனுக்கு ஸ்டியரிங்கைப் பற்றி என்ன தெரியும்? மறுநாளே வண்டி வலப்பக்கம் திரும்பமாட்டேன் என்றது. சரி, பளபளப்பாகவாவது திருப்பித் தருவோம் என்று முழுக்கப் பச்சைப் பெயிண்ட் அடித்தேன், அதில் சீட்டும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு தூக்க வரவில்லை, உதிரிபாகக் கடைக்காரரோ "பழைய வண்டி சார், சீட்டைத் தூக்கினா மாடல் நம்பர் இருக்கும், பாத்தீங்களா?" என்றார், பெயிண்ட் கதையைச் சொல்ல மானம் இடம் கொடுக்காமல் "பாத்தாச்சு, அழிஞ்சு போயிருக்கு" என்று வாய் கூசாமல் புளுகினேன், அவர் பாவம், குத்துமதிப்பாக ஒரு பல்சக்கரத்தைக் கொடுத்தார், நானே மாட்டினேன், இப்போது இடப்பக்கம் திருப்பினால் வண்டி வலப்பக்கம் போகிறது.

போனது எதிர்வீட்டு வக்கீலின் செடிவேலிக்குள். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாயைக் கொப்பளித்துவிட்டு நிதானமாக, "உள்ள வர்றதா இருந்தா கேட் அந்தப் பக்கம் சார்," என்றார்.

"இவருக்கு எல்லாம் தெரியுங்க. அதான் பிரச்சினையே!" என்றாள் என் மனைவி.

அதற்கப்புறம் மூன்று வாரமாக நான் ஏறி இறங்காத கடையில்லை. பழைய இரும்புக் கடைக் குவியலைக்கூடக் கிளறிப் பார்த்தாயிற்று. இந்த வண்டிக்குப் பாகமே வருவதில்லை என்கிறார்கள். தினமும் டிராக்டர் மேலேயே உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு யோசிக்கிறேன். தயவுசெய்து வரவை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். வண்டியின் வயதையும் சற்று நினைத்துப் பாருங்கள். எல்லாத் தப்பும் என்னுடையதாக இருக்க முடியாதல்லவா.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், இந்த விஷயத்தைச் சொல்ல வேண்டாம்.

தங்கள் முகத்தில் விழிக்கக் கூசும்,
சம்பந்தி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். தபாலில் போடக் கொடுத்தபோது மருமகள், "ஏன் மாமா, எங்கப்பா எதையும் சீட்டுக்கு அடியிலதான் வெப்பார், தூக்கிப் பாத்தீங்களா?" என்றாள். வழக்கம்போல "பாத்தாச்சும்மா" என்றேன். அவள் நம்பவில்லை. சமையலறைக் கத்தியால் பெயிண்டைக் கீறித் தூக்கினாள். உள்ளே பிளாஸ்டிக் பையில் புத்தம்புதுப் பல்சக்கரம், கூடவே தங்கள் கையெழுத்தில் ஒரு காகிதம்: "சம்பந்தி, பழசு தேஞ்சு போச்சு. சொல்ல வந்தேன், நீங்க விடல. இதை மாத்திக்குங்க. நான் வெச்சது வீட்ல யாருக்கும் தெரிய வேண்டாம், நீங்களே தேடிப் பிடிச்சு வாங்கினதா சொல்லிக்குங்க."

மருமகள்தான் சத்தமாகப் படித்தாள். என் மனைவியும் இருந்தாள், வேலி கட்டக் கயிறு கேட்டு வந்த வக்கீலும் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமையே வாருங்கள் சம்பந்தி. மாட்ட எனக்குத் தெரியாது.