மரியாதை: நூற்று நான்கு சதவீதம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் ஒரு மனிதன் பதினாறு மனிதர்களிடமிருந்து மரியாதையைக் கறப்பது எப்படி என்பதைக் கண்டுபிடிக்க மட்டும், எங்கள் பம்பு தொழிற்சாலையின் கால்பந்துக் குழுவுக்குப் புதிய தலைமைப் பயிற்சியாளர் வரும்வரை அது காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த மகத்தான சாதனையை நேரில் பார்த்தவன் நான். குழுவின் கௌரவச் செயலாளர். கையில் குறிப்பேடு, சட்டைப்பையில் இரண்டு பேனா. ஒன்று எழுதாது.

இவருக்கு முன்னால் இருந்த பயிற்சியாளரைப் பற்றிச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பந்துக்குத் தன் கையாலேயே காற்றடிப்பார். அடிபட்டவன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்ப்பார். ஆட்டக்காரர்கள் அவரைப் 'பெரியப்பா' என்று கூப்பிடுவார்கள். அந்த மனுஷனும் வெட்கமில்லாமல் திரும்பிப் பார்ப்பார். அந்த வருடம் லீக்கில் எங்களுக்கு நாலாவது இடம்.

உடனே நிர்வாகக் கூட்டம் கூடியது. தொழிற்சாலையின் பணியாளர் துறை மேலாளர்தான் எங்கள் குழுவுக்குத் தலைவர். கால்பந்தோடு அவருக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. ஒரு தடவை அது அவர் கார் கண்ணாடியை உடைத்திருக்கிறது.

"நாலாவது இடம். ஏன்?" என்றார்.

"கோல் போடுறவனுக்கு மஞ்சள் காமாலை சார்."

"அதெல்லாம் சாக்கு. மரியாதை இல்லய்யா! பெரியப்பாவாம் பெரியப்பா. விட்டா நாளைக்கு என்னைச் சித்தப்பாம்பானுங்க."

கூட்டம் அதிர்ந்துபோனது. பெரியப்பா மறுநாளே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

புதியவர் ஒரு மாதம் 'தலைமைத்துவப் பயிலரங்கு' முடித்தவர். சான்றிதழை லேமினேட் செய்து கையிலேயே கொண்டுவந்திருந்தார். உடை மாற்றும் அறையில்தான் முதல் உரை. ஈர பனியன்களும், ஒரு கால் உடைந்து செங்கல்லில் நிற்கும் பெஞ்சும், ஒழுகும் குழாயும் உள்ள அந்த அறைச் சுவரில் புரொஜெக்டரைப் போட்டார். மொத்தம் நாற்பத்திரண்டு படங்கள். முதல் படம் அவருடைய புகைப்படம். சட்டை மாட்டும் ஆணி சரியாக அவர் மூக்கில் வந்து நின்றது. மூன்று பேர் சிரித்தார்கள். மூன்று பேரும் மைதானத்தைச் சுற்றி முப்பது தடவை ஓடினார்கள். அதற்குப் பிறகு எங்கள் குழுவில் சிரிப்பு என்னும் வியாதி யாருக்கும் வரவில்லை.

உரை முடிந்ததும் கோல்கீப்பர் எழுந்தார். இளரத்தம்.

"சார், பந்து எப்ப எடுக்கலாம்?"

"பந்து எங்கயும் ஓடிடாது. முதல்ல என்னைப் பழகுங்க."

பதினோரு நாள் அவரைப் பழகினார்கள். வரிசையில் நிற்பது, அவர் வந்தால் பனியனை உள்ளே செருகுவது, அவர் பேசும்போது கண்ணைப் பார்ப்பது, கோபமாகப் பேசும்போது பூட்ஸைப் பார்ப்பது. எல்லாவற்றிலும் அபார முன்னேற்றம். பன்னிரண்டாம் நாள் பந்து கொடுத்தபோது இரண்டு பேர் அதற்கும் வணக்கம் சொன்னார்கள்.

அடுத்து வந்தது 'மரியாதைக் குறியீடு'. வாரா வாரம் சனிக்கிழமை ஒரு படிவம், பத்துக் கேள்விகள். முதல் கேள்வி: 'தலைமைப் பயிற்சியாளரை நான் (அ) மிகவும் மதிக்கிறேன் (ஆ) மிக மிக மதிக்கிறேன் (இ) சொல்ல வார்த்தை இல்லை.' பெயரும் கையெழுத்தும் கட்டாயம். அவர் முன்னிலையில்தான் நிரப்ப வேண்டும். இதற்கு 'வெளிப்படைத்தன்மை' என்று பெயர்.

முதல் வாரம் எண்பத்தெட்டு சதவீதம் வந்தது. அவர் முகம் வாடிவிட்டது.

"பாக்கிப் பன்னிரண்டு எங்க போச்சு?"

தேடிக் கண்டுபிடித்தேன். இடப்பக்க ஆட்டக்காரன் படிவத்தின் ஓரத்தில், 'பந்தைக் கொஞ்சம் சீக்கிரம் கொடுத்தால் இன்னும் மதிப்பேன்' என்று எழுதியிருந்தான். படிவம் 'திருத்தத்துக்காக' அவனிடமே திருப்பி அனுப்பப்பட்டது. நான்காவது வாரம் நூற்று நான்கு சதவீதம். அது எப்படி சாத்தியம் என்று பணிவோடு கேட்டேன்.

"சில பேர் ரெண்டு படிவம் கொடுத்திருக்காங்க. ஆசையாக் கொடுக்கறாங்க, தடுக்க முடியுமா?" என்றார்.

ஆனால் இவையெல்லாம் சில்லறை விஷயங்கள். அவருடைய மேதைமை முழுசாக வெளிப்பட்டது 'நன்றி முறை'யில்தான். குறை சொல்வது கெட்ட பழக்கம். ஆனால் குறையே இல்லாத குழு உலகத்தில் கிடையாது. ஆகவே எங்கள் குழுவில் எந்தக் குறையையும் நன்றியாகத்தான் சொல்ல வேண்டும். குடிக்கத் தண்ணீர் இல்லை என்று சொல்லக் கூடாது. "தண்ணி இல்லாமலே பயிற்சி கொடுத்ததுக்கு நன்றி சார்" என்று சொல்ல வேண்டும். பூட்ஸ் கிழிந்துவிட்டதா? "பூட்ஸ் கிழியற அளவுக்கு உழைக்க வெச்சதுக்கு நன்றி சார்." அவர் தலையசைப்பார். நான் தேதி போட்டு குறிப்பேட்டில் 'நன்றி தெரிவித்தார்' என்று எழுதுவேன். தண்ணீர் வராது. பூட்ஸும் வராது. அதை அப்புறம் யார் கேட்டார்கள்?

இப்போது கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவின் நடுத் தடுப்பாட்டக்காரர், ஐந்தாம் நம்பர். அவரைத் தாண்டி ஒருத்தன் உள்ளே போக முடியாது என்பதால் 'கதவு' என்று பெயர் வந்தது. வயது முப்பத்திரண்டு. தொழிற்சாலையில் மோட்டார் பொருத்தும் பிரிவில் ஆறு வருடமாகத் தற்காலிக ஊழியர். சீசன் முடிந்ததும் பயிற்சியாளர் ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்தால் வேலை நிரந்தரமாகும் என்று தலைவரே வாக்குக் கொடுத்திருந்தார். வீட்டில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். மனைவி தையல்காரி. எங்கள் பனியன்களுக்கு எண் தைத்துக் கொடுப்பவர் அவர்தான்.

கடைசி ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்பு கதவு நொண்டிக்கொண்டே வந்தார்.

"சார், முட்டி வீங்கியிருக்கு. ரெண்டு நாள் ஓய்வு கொடுத்தா சரியாயிடும்."

"வாக்கியம்?" என்றார் பயிற்சியாளர்.

கதவு என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

"முட்டி வீங்குற அளவுக்குப் பயிற்சி கொடுத்ததுக்கு... நன்றி சார்."

"சபாஷ்! செயலாளர், எழுதிக்கோங்க."

எழுதினேன். இரண்டு நாள் கழித்து அதே முட்டி, அதே நன்றி. ஆட்டத்துக்கு முந்தின நாளும் அதே. மூன்று தடவையும் அழகாக எழுதினேன். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். எல்லாரும் பாராட்டுவார்கள்.

அன்று சாயங்காலம் கோல்கீப்பர் கதவின் முட்டியில் ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நன்றியும் மண்ணும். ஆட முடியாதுன்னு நேராச் சொல்லிடுங்க."

"நேராச் சொன்னா சிபாரிசுல கை வெச்சுடுவாருடா. ஒரு ஆட்டம்தானே? பல்லைக் கடிச்சுக்கறேன்."

பக்கத்தில் நின்று பூட்ஸ்களை எண்ணிக்கொண்டிருந்த எனக்குக் கட்டுப்பாட்டின் இந்த உயர்ந்த நிலை மெய்சிலிர்க்க வைத்தது.

ஆட்ட நாள். முன்னூறு பேர் பார்க்க வந்திருந்தார்கள். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், உயரப் பந்துக்குக் குதித்து இறங்கிய கதவு, காலைப் பிடித்துக்கொண்டு எல்லைக் கோட்டுக்கு வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"சார், மாத்துங்க. முட்டி நிக்க மாட்டேங்குது."

பயிற்சியாளர் வானத்தைப் பார்த்தார். "வாக்கியம் எங்க?"

"ஐயோ சார், முடியல! மாத்துங்க!"

வலியில் அவருக்கு நன்றி வரவில்லை. இலக்கணம் தப்பாத மனிதருக்கு அன்றைக்கு அது தப்பிவிட்டது. அந்தக் கோடியில் கோல் கம்பத்துக்கு அடியில் நின்ற கோல்கீப்பர் கையைக் குவித்துக் கத்தினார்: "நன்றி சார்! நன்றி சார்! அண்ணனை மாத்துங்க சார்!"

"அடுத்தவன் நன்றி செல்லாது," என்றார் பயிற்சியாளர், சட்டம் தெரிந்தவராக.

மாற்று ஆட்டக்காரர் சீட்டு என் கையில்தான் இருந்தது. ஐந்தாம் எண் வெளியே, பதினான்காம் எண் உள்ளே என்று நிரப்பியும் வைத்திருந்தேன். அவர் கையெழுத்து மட்டும்தான் இல்லை. நீட்டலாமா என்று யோசித்தேன். மேலதிகாரி கேட்காமல் காகிதம் நீட்டுவது அதிகப்பிரசங்கித்தனம். எட்டு நிமிடம் யோசித்தேன். எட்டாவது நிமிடத்தில் கதவு ஒரு பந்தை மறித்துத் திரும்பினார். உடல் திரும்பியது, முட்டி திரும்பவில்லை. அந்தச் சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். ஆட்டத்தில் நாங்கள் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். அந்த ஒரு கோலை எதிர் அணிக்காரன் தலையால் தன் வலைக்குள்ளேயே தட்டிவிட்டான். மறுநாள் பத்திரிகையில் 'கட்டுப்பாடு வென்றது' என்று தலைப்பு. பயிற்சியாளரின் ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டது.

டாக்டர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: நடக்கலாம், ஓட முடியாது, கனம் தூக்க முடியாது. எங்கள் தொழிற்சாலை விதி அதைவிடச் சுருக்கம். ஆட்டக்காரர் காயத்தை முன்கூட்டியே தெரிவித்திருந்தால் அவருக்கு உட்கார்ந்து பார்க்கும் நிரந்தர வேலை. மறைத்திருந்தால் எந்த வேலையும் கிடையாது.

கதவின் மனைவி என் அலுவலக அறைக்கு வந்தார். கோப்பைகள் நிற்கும் கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே, அவர் மறைச்சாராம். கடிதம் வந்திருக்கு. அவர் கத்தினது ரோட்டுல போறவனுக்கும் கேட்டிருக்கும். நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"முறைப்படி விசாரணை நடக்கும்மா. நீ தைரியமா இரு."

"விசாரணை எதுக்குண்ணே? கேட்டவர் கேட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதாதா? ரெண்டு பொண்ணுங்களை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போனார். வேறொருவனாக இருந்தால் அன்றே ராஜினாமா செய்திருப்பான். நான் காத்தாடியின் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, விசாரணைக்கு மாதிரி வாக்குமூலம் தயாரித்தேன்.

விசாரணை ஒரே நாளில் முடிந்தது. தலைவர் நடுவில் உட்கார்ந்தார். வெளிப்படைத்தன்மைக்காகப் பயிற்சியாளரும் பக்கத்திலேயே உட்கார்ந்தார். குறிப்பேட்டைத் திறந்து மேஜைமேல் வைத்தார்.

"மூணு தேதி, மூணு நன்றி. வலின்னு ஒரு வார்த்தை இருக்கா? காட்டுங்க பார்ப்போம்."

இல்லை. குண்டு குண்டான எழுத்தில் எங்கேயும் இல்லை.

ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். கேள்வி ஒன்றுதான்: கதவு தன்னை மாற்றச் சொல்லிக் கேட்டது உங்கள் காதில் விழுந்ததா?

"கூட்டத்துச் சத்தம் சார்," என்றான் இடப்பக்க ஆட்டக்காரன்.

"எனக்கு அந்தப் பக்கக் காது கொஞ்சம் மந்தம் சார்," என்றான் இன்னொருவன். அவனுக்கு இரண்டு காதும் பாம்புக் காது.

கடைசியாகக் கோல்கீப்பர் வந்தார். கேள்வியைக் கேட்டதும், "சார், அண்ணன் வந்து..." என்று ஆரம்பித்தார். தலைவர் அன்பாக விசாரித்தார்:

"தம்பி, நீயும் தற்காலிகம்தானே? எத்தனை வருஷமாச்சு?"

"மூணு சார்."

"ம்ம். சொல்லு. கேட்டுச்சா?"

கோல்கீப்பர் மேஜைமேல் திறந்திருந்த குறிப்பேட்டைப் பார்த்தார். பிறகு, "நான் கோல்கிட்ட நின்னேன் சார். தூரம்," என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். வாசலில் நின்று அவர் அழுதது எனக்குக் கேட்டது. அதுவும் நடவடிக்கைக் குறிப்பில் இல்லை.

கதவு அந்த மாதமே வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

புதிதாக வருகிற ஒரு பயிற்சியாளர் ஆட்டக்காரர்களின் மரியாதையை எப்படிச் சம்பாதிப்பது என்று புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். நேர்மையாக இரு, அவர்கள் சொல்வதைக் கேள், தப்பு செய்தால் ஒப்புக்கொள் என்றெல்லாம் பிதற்றுகிறார்கள். எங்களவரைப் பாருங்கள். கூட ஆடிய பதினைந்து பேர், தங்கள் இரண்டு காதாலும் கேட்டதைக் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய மரியாதையை எந்த நாட்டுப் பயிற்சியாளர் பெற்றிருக்கிறார்? ஆண்டறிக்கையில் இதைத்தான் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

அந்த வாக்குமூலத்தில் பதினாறாவதாகவும் ஒரு கையெழுத்து இருக்கிறது. பெஞ்சில், பயிற்சியாளருக்குப் பக்கத்தில், நிரப்பிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுடையது. அந்தப் பதினைந்து பேரும் தற்காலிக ஊழியர்கள். வேலை போய்விடும் என்று பயந்து போட்டார்கள்.

நான் பதினெட்டு வருஷமாக நிரந்தரம்.