கஞ்சி போட்டு ஒட்டிய லேபிள்

நான் இதுவரை யாருக்கும் விஷம் வைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் என் புகுந்த வீட்டுச் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகத்தின் பலனை மட்டும்தான் அளித்திருக்கிறார்கள். முழு விடுதலை இன்னும் வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. கல்யாணமாகி மூன்று மாதம். மதுரையில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் மாமியார் வீடு. அடுக்களையில் பதினான்கு எவர்சில்வர் டப்பாக்கள், எல்லாம் ஒரே உயரம், ஒரே மூடி. (நான் கொண்டுவந்த சீர்தான். ஒரே மாதிரி இருந்தால்தான் அழகு என்று அம்மாவிடம் அடம்பிடித்து வாங்கியவளும் நான்தான்.) அத்தை, அதாவது என் மாமியார், டப்பாவை ஒரு ஆட்டு ஆட்டி, உள்ளே துவரம்பருப்பா கடலைப்பருப்பா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். நான் ஆட்டினால் எல்லாம் ஒரே சத்தம். எண்ணெய் காய்ந்து புகைந்துகொண்டிருக்க, கடுகைத் தேடி ஒன்பது மூடி திறந்தவள் நான்.

பேர் எழுதி ஒட்டலாமா என்று பயந்து பயந்து கேட்டேன்.

“பசையைக் கிசையைப் போட்டு டப்பாவ நாசம் பண்ணிராதத்தா. எம்புட்டுத் தேய்ச்சாலும் அந்தக் கறை போகாது” என்றார் அத்தை.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யாத நாட்களில்தான் நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.) சோறு வடித்த கஞ்சியைத் தாளில் தடவி ஒட்டினேன். காய்ந்ததும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. வேண்டாம் என்றால் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, முழுசாக உரிந்து வந்துவிடும், டப்பாவில் தடயமே இருக்காது. ஈரத்துணிக்கு விட்டுக்கொடுக்கும் கஞ்சி, அடுப்பு ஆவிக்கும் விட்டுக்கொடுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன்பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்தது. உப்பு ஜாடிக்கும் லேபிள், சோப்புத்தூளுக்கும் லேபிள். கொல்லைப்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்த எலி மருந்துக்கும் கொட்டை எழுத்தில் லேபிள். எலிகள் ஒழிந்ததும் என் கணவர் அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டார். நான் அதற்கு முன்பே லேபிளை மட்டும் உரித்துக் காயவைத்து எடுத்து வைத்துக்கொண்டேன். பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது, தாளை எதற்கு வீணாக்க வேண்டும்?

இந்த இடத்தில் என் நாத்தனார் கவிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப் போயிருந்தது. மூன்றாவதாக டி. கல்லுப்பட்டியிலிருந்து வந்த பையனை அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. எங்கள் பக்கம் சம்பந்தம் கூடிவரும் வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், காபியோடு எழுந்துவிடுவார்கள். இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தால் கல்யாணம் உறுதி. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டால் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கை நனைக்கும் விருந்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினெட்டுப் பேர் வந்தார்கள். சாம்பார் என் பொறுப்பு.

அன்று காலையில் பார்த்தால் மல்லித்தூள் டப்பாவில் லேபிள் இல்லை. முந்தின நாள் கழுவியபோது போயிருக்கிறது. அவசரத்துக்கு எலி மருந்துத் தாளை எடுத்துத் திருப்பி, ‘மல்லித்தூள்’ என்று எழுதி, கஞ்சி தடவி ஒட்டினேன். பழைய எழுத்து உள்பக்கம் போய்விட்டது. யார் பார்க்கப் போகிறார்கள்?

கொதிக்கிற சாம்பார் மேல் டப்பாவைச் சாய்த்துத் தூளைப் போட்டுவிட்டு மூடினேன். லேபிளைக் காணோம். தரையில் தேடினேன், அடுப்புக்கு அடியில் தேடினேன், என் சேலை மடிப்பை உதறினேன். எங்கும் இல்லை. கரண்டியை விட்டுத் துழாவினேன். முருங்கைக்காய் வந்தது, கத்தரிக்காய் வந்தது, தாள் வரவில்லை. அத்தையிடம் சொல்லத் தைரியம் இல்லை. வேறு சாம்பார் வைக்க நேரமும் இல்லை, கூடத்தில் இலை போட்டாகிவிட்டது.

“மதினி, ஏன் இப்படி வேர்க்குது?” என்றாள் கவிதா.

“அடுப்புச் சூடு” என்றேன்.

சாம்பார் வாளியை யாரிடமும் கொடுக்காமல் நானே பரிமாறினேன். ஒவ்வொரு கரண்டியையும் உற்றுப் பார்த்து உற்றுப் பார்த்து ஊற்றினேன். (மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெண்மணி, “மருமகளுக்குக் கண்ணு சரியில்லையா?” என்று விசாரித்தாராம்.) பதினேழு பேரைத் தாண்டினேன். பதினெட்டாவது, மாப்பிள்ளையின் தாய்மாமா. அவர் சரி என்று சொல்லித்தான் இந்தச் சம்பந்தமே நகர்ந்தது. அவர் முருங்கைக்காயை நகர்த்தினார், கூடவே ஒரு தாளும் நகர்ந்தது. அதை இலை ஓரத்தில் விரித்து, சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். மல்லித்தூள் பக்கம் தெரியட்டும் கடவுளே என்று மனசுக்குள் கதறினேன்.

“எலி... மருந்து” என்று நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

பதினெட்டுக் கையும் அப்படியே நின்றன. என் கணவர் கூடத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அது வெறும் பேருதாங்க, மருந்து இல்லீங்க!” என்று கத்தியபடி குனிந்து தாளைத் திருப்பிக் காட்டினேன். “பாருங்க, மல்லித்தூள்!”

“அப்ப ரெண்டும் ஒரே டப்பாவுலயா தாயி வச்சிருந்தீக?” என்றார் அவர்.

டம்ளரில் சாம்பாரை மொண்டு மடமடவென்று குடித்தேன். நாக்கு வெந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தாய்மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஒரு பத்து நிமிஷம் பொறுப்போம்” என்றார்.

பத்து நிமிடம்! பதினெட்டுப் பேர் சோற்றுக் கையோடு உட்கார்ந்து, நான் விழுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்றேன். மூன்றாவது நிமிடம் எனக்கு விக்கல் எடுத்தது. (சூட்டினால்தான், சத்தியமாக.) இரண்டு பேர் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள். கதவோரம் நின்ற கவிதாவின் முகம் அழுகிற மாதிரி போய்விட்டது. அவள் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேன்.

அப்போது அத்தை வந்து என் கையிலிருந்த டம்ளரை வாங்கினார்.

“எனக்கும் ஊத்து” என்றார்.

ஊற்றினேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சபையைப் பார்த்தார்.

“என் மருமக கூறுகெட்டவதான். ஆனா கெட்டவ இல்ல. உக்காந்து சாப்பிடுங்க” என்றார்.

மூன்று மாதமாகப் பார்க்கும்போதெல்லாம் நடுங்கிய அந்த மனுஷியை எனக்கு அந்த நொடியில்தான் பிடித்தது. அழுகையும் விக்கலும் சேர்ந்து வந்தன.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை தலையைத் தூக்கினார். “மாமா, எனக்கு முதல்லயே சாம்பார் ஊத்திட்டாக, நானும் சாப்பிட்டுட்டேன். இனி யோசிச்சு என்ன செய்ய? ரசத்தை ஊத்தச் சொல்லுங்க.”

முதலில் சிரித்தது தாய்மாமாதான். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள், பாயசம் வரை போனது, கல்யாணமும் உறுதியானது. அத்தை அன்று சாயங்காலமே பதினான்கு டப்பாவையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டார். தடயமே இல்லை.

அந்த வீட்டில் பந்தி முடிந்த பிறகுதான் பெண்கள் சாப்பிட வேண்டும். அதிலும் மருமகள் கடைசி, ரசத்தின் அடிவண்டல்தான் மிஞ்சும். ஆனால் கவிதா கல்யாணத்தில் தாய்மாமா இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். “அந்தப் பிள்ள முதல்ல சாப்பிடட்டும், பாத்துட்டுச் சாப்பிடுவோம்” என்றார். மண்டபமே சிரிக்க, என்னை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். வேடிக்கையாக ஆரம்பித்தது அப்படியே வழக்கமாகிவிட்டது. காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் எதுவானாலும் எனக்கு முதல் இலை, ஆவி பறக்கிற சோறு.

இப்படி நாலைந்து விசேஷம் போனது. ஒரு காதுகுத்தில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு இலையைத் தள்ளிக்கொண்டு அத்தை வந்து உட்கார்ந்தார். நாற்பது வருடமாகக் கடைசியில் சாப்பிட்டவர். பரிமாறியவர்கள் திகைத்துப் பார்த்தார்கள்.

“என்ன பாக்குறீக? அன்னைக்கு நானுந்தான குடிச்சேன்?” என்றார்.