கட்டையைப் பிடுங்கி ஜீப்பை நட்டவன்

நான் இன்றைக்கு உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் என் மனைவி லோகாம்பாள். அவளைப் பாராட்டித்தான் எழுதப் போகிறேன். பாராட்டு முடிகிற இடத்தில் என் மானமும் முடிந்துவிடும். போகட்டும். எனக்கு உயிர்தான் பெரிசு.

அறுபத்தொன்பதாம் வருஷம், தை மாதம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருமுனையில் இருந்த மரக்கட்டையை நான் பிடுங்கினேன். காஞ்சிபுரத்து நெசவுத் தெருவில் குடியிருக்காதவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட குற்றம் என்று தெரியாது. பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்குப் பாவாக நீட்டும்போது, ஒரு முனையை அந்தக் கட்டையில்தான் இழுத்துக் கட்டுவார்கள். கோயில் தேரின் அச்சைக் கழற்றியிருந்தால்கூட என்னை மன்னித்திருப்பார்கள்.

ஏன் பிடுங்கினேன்? ஜீப்பை நிறுத்த இடம் வேண்டும்.

ராணுவம் கழித்துப் போட்ட ஜீப். ஏலத்தில் எடுத்தேன். பர்மாக் காட்டில் ஒரு புலியை இடித்துத் தள்ளிய வண்டி என்று அங்கே ஒருத்தர் சொன்னார். ஒலிமுகமதுபேட்டை தாண்டுவதற்குள் நான் அதை இரண்டு புலியாக்கினேன். எங்கள் தெருவுக்கு வந்தபோது மூன்று. ஆனால் நாலு மாடுகள் அதை இழுத்துக்கொண்டு வந்ததால் புலிகளை யாரும் சரியாக நம்பவில்லை.

லோகாம்பாள் வாசலுக்கு வந்தாள்.

“இன்னாங்க இது?”

“ஜீப்பு.”

“கட்டை எங்க?”

“கொல்லையில பத்திரமா இருக்குது.”

“நாளன்னிக்கு முகூர்த்தப் புடவைக்குப் பாவு நீட்டணும். எதுல கட்டுறது? உங்க கழுத்துலயா?”

“லோகு, இது சாதாரண வண்டி இல்லம்மா. மலை ஏறும், ஆறு தாண்டும்.”

“மொதல்ல இது நம்ம தெருவைத் தாண்டட்டும். பத்து நாள் தர்றேன். அதுவரைக்கும் அடுத்த தெருவுல கெஞ்சிப் பாவு நீட்டிக்கிறேன். பத்தாம் நாள் இது ஓடணும். ஓடினா மட்டும் பத்தாது, நிக்கணும். இல்லாட்டி ஜீப்பு போகும், கட்டை திரும்பி வரும்.”

“ஓடி நின்னுட்டா?”

“அந்த இடம் ஜீப்புக்குத்தான். நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

பக்கத்து வீட்டுக் கோதண்டபாணி சாட்சி. பந்தயம் முடிவாகிவிட்டது.

எஞ்சின் மூன்றாம் நாளே உறுமியது. பாக்கி பிரேக்தான். என்னைப் போல் சைக்கிள் கடை வைத்திருப்பவனுக்கு பிரேக் ஒரு பெரிய விஷயமா? ஆனால் ஜீப்பில் பிரேக் என்பது எண்ணெய். மிதித்தால் குழாய் வழியாக ஓடி, நாலு சக்கரத்தையும் பிடிக்கும். மெக்கானிக் கியாசுதீன் பாய் புதுச் செம்புக் குழாயும், சக்கரத்துக்குத் திரும்புகிற இடத்துக்கு ரப்பர்க் குழாயும் கொடுத்தார். கூடவே உபதேசமும் கொடுத்தார்.

“அண்ணே, குழாயைச் சும்மா தொங்க விட்றாதீங்க. சாணுக்கு ஒரு கிளிப்பு போடுங்க. கிளிப்புக்கு அடியில தோலு வைங்க. இல்லேன்னா கிளிப்பே குழாயை அறுத்துடும்.”

“பாய், நான் பார்க்காத பிரேக்கா?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். இரண்டும் அவருக்கு ஒன்றாகத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

நான் சணல் கயிற்றை எடுத்தேன். குழாயைச் சட்டத்தோடு சேர்த்து வரிந்து வரிந்து கட்டினேன். ரப்பர்க் குழாயை அச்சோடு இறுக்கி மூன்று முடிச்சு. கரும்புக்கட்டு மாதிரி ஜம்மென்று இருந்தது.

லோகாம்பாள் முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“ஏங்க, அந்தக் குழாய் ஸ்பிரிங்கு மேல உரசிக்கினு இருக்குது.”

“உரசட்டுமே.”

“உரசுற எடத்துலதாங்க இழை அறும். அப்புறம் இந்த ரப்பரை ஏன் கழுத்தை நெரிக்கிற மாதிரி கட்டியிருக்கீங்க? சக்கரம் மேலயும் கீழயும் ஆடாதா? ஆடுற எடத்துல கொஞ்சம் தளர்த்தி விடணும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“இருபது வருஷமா ஆயிரக்கணக்கான இழையை அறுக்காம ஏத்தி எறக்கிக்கினு இருக்கறேன்.”

“தறி வேற, ஜீப்பு வேற.”

“சரிங்க” என்றாள்.

கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் ஒரே வார்த்தையில் ‘சரிங்க’ என்று சொல்லிப் போனது அதுதான் முதல் தடவை. நான் அப்போதே பயந்திருக்க வேண்டும். எனக்கோ பெருமையாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் சேதி சொன்னாள். “திருப்பருத்திக்குன்றத்துல உங்க அக்காவுக்கு நெஞ்சு வலியாம். ஆள் வந்து சொல்லிட்டுப் போச்சு.”

சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினேன். அக்கா பூவம்மாள் ஒற்றைக் கையால் ஆட்டுக்கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“நெஞ்சு வலியா? எனக்கா?” என்றாள். அரை நிமிஷம் யோசித்தாள். “ஆமாப்பா, இருக்குது. லோகு சொன்னா இருக்கும். உக்காரு, வடை சுடறேன்.”

சாயங்காலம்வரை என்னை எழுந்திருக்க விடவில்லை. பதினெட்டு வடை. கடைசியில் நெஞ்சு வலி எனக்குத்தான் வந்தது.

வீட்டுக்கு வந்தால் என் பெல்ட்டைக் காணோம். பட்டாளத்து மச்சான் கொடுத்த தடித் தோல் பெல்ட். வேட்டிக்கு மேல் அதைக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் பாதி கலெக்டர் மாதிரி இருப்பேன்.

“எலி இழுத்துக்கினு போயிருக்கும்” என்றாள் லோகாம்பாள்.

அதை இழுக்க எலிகளில் ஒரு பட்டாளமே வர வேண்டும். இருந்தாலும் ஜீப் நினைப்பில் அதை விட்டுவிட்டேன். மிச்சமிருந்த சணலை இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

பத்தாம் நாள். பந்தயத்தைச் சோதிக்கத் தாமல் ஏரிக்கரை. ஏரி நிறைந்து தளும்பியது. கரையிலிருந்து வண்டிப்பாதை செங்குத்தாக இறங்கும். அடியில் ஒரு எருமை படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. பின்னால் கோதண்டபாணி, தனக்குத் தெரிந்த எல்லாச் சாமி பெயரையும் சொல்லிக்கொண்டிருந்தான். என் பக்கத்தில் லோகாம்பாள், மடியில் வெற்றிலைப் பெட்டியோடு, கச்சேரி கேட்க வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“நீ எறங்கிக்க லோகு. எதுக்கும் இருக்கட்டும்.”

“ஏன்? கட்டினது நீங்கதானே? பயமா?”

விட்டேன். ஜீப் இறங்கியது. இறங்கியது என்று மரியாதைக்குச் சொல்கிறேன், விழுந்தது. எருமை பெரிதாகிக்கொண்டே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன்.

கண்ணைத் திறந்தபோது ஜீப் நின்றிருந்தது. எருமைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம். அது அசை போடுவதைக்கூட நிறுத்தவில்லை.

“பார்த்தியாடா கோதண்டம்! சணல்! சணல்டா!” என்று வண்டியில் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினேன்.

பட்டென்று சணல் அறுந்தது. வண்டியில் இல்லை. என் இடுப்பில்.

நான் வேட்டியைப் பிடிப்பதற்குள், இறங்கி வண்டிக்கு அடியில் குனிந்த கோதண்டபாணி கத்தினான்: “டேய் துரைக்கண்ணு, உன் பெல்ட்டு இங்க இன்னாடா பண்ணுது?”

நானும் குனிந்தேன். சணலையே காணோம். சாணுக்கு ஒரு தகரக் கிளிப்பு, கோடு போட்டது மாதிரி. ஒவ்வொரு கிளிப்புக்கு அடியிலும் என் பெல்ட்டின் ஒரு துண்டு. ரப்பர்க் குழாய் எதிலும் உரசாமல், அளவாகத் தளர்ந்து வளைந்திருந்தது.

லோகாம்பாள் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து ஒரு ரப்பர்த் துண்டை எடுத்தாள். பாதி கிழிந்திருந்தது.

“நீங்க கட்டினது இது. அக்கா வீட்டுக்கு நீங்க போன அன்னிக்கு, பாயும் நானும் வண்டியை ஒரு கல்லு மேல ஏத்தி எறக்கிப் பார்த்தோம். ஒரே எறக்கம்தான். எண்ணெயெல்லாம் தரையில.”

“முன்னாடியே சொல்லக்கூடாதா?”

“சொன்னா கேப்பீங்களா? கழட்டிப் போட்டுட்டு மறுபடியும் சணல் சுத்துவீங்க.”

ஏரியைப் பார்த்தேன். எருமையைப் பார்த்தேன். அந்தத் துண்டைப் பார்த்தேன். பிரேக் பிடிக்காதோ என்று ஒரு சந்தேகம்கூட இல்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவளைப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. வெற்றிலையில் சுண்ணாம்பு அதிகம் என்றேன். நான் வெற்றிலையே போடவில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை.

“அது சரி, பந்தயத்துல நான்தானே ஜெயிச்சேன்?” என்றேன், வேட்டியைப் பிடித்தபடி.

“ஆமாங்க. அந்த இடம் ஜீப்புக்குத்தான். நான் வாக்கு மாற மாட்டேன்.”

மறுநாள் காலை தெருவில் ஒரே சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். தெரு நீளத்துக்கு அரக்கு நிறத்தில் பட்டுப் பாவு. அதன் முனை என் ஜீப்பின் பின்கொக்கியில், விறைப்பாகக் கட்டியிருந்தது.

“இன்னா லோகு இது?”

“கட்டை இருந்த எடத்துல ஜீப்பு இருக்குது. வேற எங்க கட்டுறது? ஏறி உக்காந்து பிரேக்கை மிதிங்க. கை பிரேக்கு எப்பவோ செத்துப்போச்சுன்னு பாய் சொன்னாரு. கால் எடுத்தீங்கன்னா வண்டி பின்னால வந்து பாவு தரையில விழுந்துடும்.”

ஏறினேன். மிதித்தேன். மூன்று புலிகளை இடித்த வண்டி, ஓர் அங்குலம் நகரவில்லை.

பாவின் மறுமுனையைப் பிடித்திருந்த எதிர்வீட்டு அங்கம்மாள் குரல் கொடுத்தாள்: “யக்கா, பழைய கட்டை போயிட்டுதே, புதுசு எப்படி இருக்குது?”

லோகாம்பாள் இழையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “நல்லாத்தான் நிக்குதுடி, இதுக்குக் காலையில காபி மட்டும் குடுக்கணும்.”