அமெரிக்காவின் முதல் பஞ்சாலையை நான் கொளுத்திய கதை

தனியாகக் கிடக்கிற மனுஷி, யார் எதற்குக் கூப்பிட்டாலும் கல்யாணத்துக்குக் கூப்பிட்ட மாதிரிதான் கிளம்புவாள். என்ன ஏது என்று கேட்கத் தோன்றாது. நான் கேட்டிருந்தால் துபாயில் ஓர் அமெரிக்கா எரியாமல் இருந்திருக்கும்.

சொல்கிறேன், அவசரமில்லை.

எழுபதுகளில் நாங்கள் துபாயில் சத்வா பகுதியில் ஒரு தையற்கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ஓர் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியின் பட்டறையில் ஃபோர்மேன். விடிவதற்கு முன் கம்பெனி பஸ் அவரைத் தூக்கிக்கொண்டு போகும். இருட்டிய பிறகு கொண்டுவந்து போடும். நடுவில் நானும் ஏசியும்தான். ஏசி ஓயாமல் பேசும், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். (பதில் சொன்னதும் உண்டு. வெளியே சொல்ல வேண்டாம்.) மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான், இப்பவும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் பஞ்சாலைக்குப் போய், ரீலிங் பிரிவில் நூல் சுற்றிச் சம்பளம் வாங்கியவள். அந்த மிடுக்கு இன்னும் இறங்கவில்லை.

அந்த மாடிப்படியில் என்னைத் தேடி ஏறிவந்த ஒரே பெண் டோரத்தி. கம்பெனி இன்ஜினியர் ஒருவரின் மனைவி, அமெரிக்காக்காரி. கீழே கவுன் தைக்க வந்தவள், வெயில் தாங்காமல் ஒருநாள் தண்ணீர் கேட்டு மேலே வந்தாள். அதற்கப்புறம் தையல் இருக்கிறதோ இல்லையோ, வந்துவிடுவாள். எனக்கு இங்கிலீஷ் பத்து வார்த்தை, அவளுக்கு இந்தி அஞ்சு வார்த்தை, இரண்டு பேருக்கும் கடைவீதியில் பொறுக்கிய அரபி கொஞ்சம். அது தீர்ந்ததும் காபியைக் குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்போம். அவள் செருப்புச் சத்தம் கேட்கும் என்றுதான் நான் காலையில் தலையே சீவினேன்.

அந்த வருஷம் அவர்கள் நாட்டுக்கு இருநூறு வயதாம். அது சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தைக் கம்பெனி கிளப் மேடையில் காட்சி காட்சியாக, வேஷம் போட்ட ஆட்களை நிறுத்திக் காட்டப்போகிறாள் டோரத்தி. படப் புத்தகத்தை மடியில் விரித்து எனக்குப் பாடம் நடத்தினாள். மிச்சத்தை வீட்டுக்காரர் வந்து விளக்கினார். பதின்மூன்று மாகாணம் ஒன்றாகச் சேர்ந்ததாம். (எங்கள் பக்கத்திலும் ஷேக்குகள் ஏழு பேர் சேர்ந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. அதனால் இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது.) மில் வேண்டும் என்று ஒரு கட்சி, காடு கழனி போதும் என்று ஒரு கட்சி, இரண்டுக்கும் ஓயாத சண்டையாம். அப்புறம் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே, இன்னும் மேற்கே என்று போய் இடம் பிடித்தார்களாம். சீமையில் வேலை பார்த்த ஒருத்தர் நூற்கிற இயந்திரத்தை மனசுக்குள்ளேயே ஒளித்துக் கொண்டுவந்து பஞ்சாலை கட்டினாராம். அவரை எனக்குப் பிடித்துப்போனது. பஞ்சு எடுத்தது யார் என்று கேட்டேன். கறுப்பு ஆட்கள் குனிந்து நின்ற அந்தப் பக்கத்தை டோரத்தி சட்டென்று புரட்டிவிட்டாள்.

நான் மில்லுக்குப் போனவள் என்று தெரிந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கிளப்பில் அத்தனை வெள்ளைக்காரிகள் இருக்க, மில் காட்சிக்கு நான்.

“இயந்திரத்துக்குப் பக்கத்துல அசையாம நிக்கோணும் அம்மிணி. அவ்வளவுதான் வேலை” என்றார் வீட்டுக்காரர்.

“ரெண்டு வருசமா இந்த வீட்டுல அதைத்தானுங்க பண்ணிட்டிருக்கேன்” என்றேன்.

அவருடைய பட்டறை ஆட்களே மரத்தையும் சைக்கிள் சக்கரத்தையும் வைத்து இயந்திரம் செய்தார்கள். ஆஸ்பத்திரிப் பஞ்சு, தலையணைப் பஞ்சு எல்லாம் இடுப்பளவு குவிந்தது. சேலையை அவிழ்க்கமாட்டேன் என்று நான் நின்றதால், நீளக் கவுனை அதற்கு மேலேயே மாட்டினார்கள். உருட்டிக் கட்டிய மெத்தை மாதிரி இருந்தேன்.

திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். புத்தம் புது இயந்திரம். ஒரு குங்குமப் பொட்டு இல்லை. எங்கள் மில்லில் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டாத இயந்திரத்தை மேஸ்திரிகூடத் தொடமாட்டார். தொட்டால் விரலைக் கேட்கும் என்பார்கள். காட்சி முடியும்போது டோரத்தி வந்து அந்தச் சக்கரத்தைச் சுற்றுவதாக ஏற்பாடு. அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் என் படியேறி வர வேறு யார் இருக்கிறார்கள்? நல்லவேளை, எதற்கும் இருக்கட்டும் என்று முந்தானையில் குங்குமம், கற்பூரம், தீப்பெட்டி எல்லாம் முடிந்து கொண்டுவந்திருந்தேன். பொட்டு வைத்தேன். கிளப் தட்டு ஒன்றில் கற்பூரத்தை ஏற்றினேன்.

இயந்திரத்துக்குத் தட்டைச் சுற்ற ஆரம்பித்ததும் திரை விலகியது. சபை கைதட்டியது. இதுவும் அமெரிக்க வரலாறுதான் என்று நினைத்துவிட்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கடைசி வரிசைக்கும் தெரியட்டும் என்று தட்டை நன்றாக உயர்த்தினேன். மேலே ஏசி வீசிக்கொண்டிருந்தது.

எரிந்துகொண்டே ஒரு துண்டு பறந்து பஞ்சுக்குள் இறங்கியது. குப்பென்று ஒரு சத்தம்தான்.

எண்ணெய்க் கம்பெனி ஆட்கள் நெருப்பென்றால் தூக்கத்திலும் எழுந்து ஓடப் பழகியவர்கள். பாதிச் சபை சிவப்பு சிலிண்டரோடு மேடை ஏறியது. மில் கட்சிக்காரரும் கழனிக் கட்சிக்காரரும் பொய்முடியோடு ஓடிவந்து, முதல் தடவையாக ஒற்றுமையாகி, என்மேல் வெள்ளைப் பொடியைப் பீய்ச்சினார்கள். கூண்டு வண்டி குடை சாய்ந்தது. மேற்கே போக வேண்டியவர்கள் எல்லாம் வாசல் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசையில் போனார்கள்.

யாருக்கும் காயமில்லை. டோரத்தி தலை முதல் கால் வரை மாவாக நின்றாள். அத்தனை பேர் முன்னால் என்னைப் பார்த்து நீளமாகக் கத்தினாள். என் பத்து வார்த்தையில் ஒன்றுகூட அதில் வரவில்லை.

“இங்கிலீஷ்காரன் படையெடுத்து வந்தும் அசையாத நாடு. ஒரு துண்டு கற்பூரத்துல முடிச்சுட்டியே அம்மிணி” என்று வீடு வரும்வரை சிரித்தார் வீட்டுக்காரர்.

“இனி அவ வரமாட்டாளுங்க” என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டார்.

வரவில்லை. படியில் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவுவரை போவேன். சத்தம் கீழே தையற்கடையிலேயே நின்றுவிடும். மன்னிப்புக் கேட்கலாமென்றால் அவள் வீட்டுக்கு வழி தெரியாது, பாஷையும் தெரியாது. தலை சீவுவதைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்தேன்.

கோடை தணியத் தொடங்கியிருந்த ஒரு முற்பகலில் கதவைத் திறந்தால், டோரத்தி. உள்ளே வராமல், என் தோளுக்கு மேலே அடுப்பைக் காட்டி, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

“மாஃபி ஃபயர்?”

மாஃபி என்றால் அரபியில் இல்லை. நெருப்பு இல்லையே என்கிறாள்.

“மாஃபி” என்றேன்.

அதற்கப்புறம்தான் காலை உள்ளே வைத்தாள். உட்கார்ந்ததும் எங்களுக்கு வந்த சிரிப்பில் தையற்கடைக்காரர் கீழிருந்து கூரையைத் தட்டினார். கத்திவிட்டோமே, நான் கோபமாக இருப்பேன் என்று அவள் இத்தனை நாள் வராமல் இருந்தாளாம். நெஞ்சில் கை வைத்துக் காட்டித்தான் அதைச் சொன்னாள். பிறகு பெட்டியைப் பூட்டுவது போலக் காட்டி, “கலாஸ்” என்றாள், முடிந்தது என்று. அவள் வீட்டுக்காரருக்கு வேலை முடிந்துவிட்டது, ஊருக்குப் போகிறார்கள். காபியைக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

அவள் கேட்ட கேள்வி மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. வீட்டுக்காரர் இருந்தவரை டியூட்டி முடிந்து செருப்பைக் கழற்றும்போதே, “மாஃபி ஃபயர்?” என்பார். இப்போது வெளிநாட்டிலிருந்து மகன் போன் பண்ணினால் அதுதான் முதல் கேள்வி. பேரப்பிள்ளைகள் பின்னாலிருந்து சிரிப்பார்கள். போன் வராத நாளில், சமைத்து முடித்து அடுப்பை அணைத்ததும் நானே கேட்டுக்கொள்கிறேன். பதிலையும் நானே கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் தட்டை எடுக்கிறேன்.