உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டை

கடைக்குப் போனோமா, வேண்டியதை வாங்கினோமா, வீடு திரும்பினோமா என்று இருப்பவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இங்கே பேச்சு அலசல் மன்னர்களைப் பற்றி. இவர்கள் வாங்கவும் மாட்டார்கள், வாங்காமல் விடவும் மாட்டார்கள். கத்தரிக்காய் ஆனாலும் கடிகாரம் ஆனாலும் புரட்டிப் பார்த்து, தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, பக்கத்துக் கடையிலும் கேட்டுப் பார்த்து, கடைசியில் "யோசிச்சுச் சொல்றேன்" என்று கும்பிடு போட்டுக் கிளம்புவார்கள். உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்குமே?

ஃபேரர் பார்க் அடுக்குமாடி புளோக் ஒன்றில் நான்காவது மாடியில் குடியிருந்த ஆம்ப்ரோஸ் இந்த இனத்தில் முதல் தரம். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. வீட்டுக்கு ஒரு ரைஸ் குக்கர் வாங்க வேண்டும் என்று 1979-இல் அலசத் தொடங்கியவர், 1981 பிறந்தும் அலசிக்கொண்டிருந்தார். அதுவரை அவர் மனைவி ஆனி தினமும் பானையில் சோறு வடித்து, ஆவியில் கையைச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சமூக மன்றத்தில் கணவன் மனைவி ஜோடிகளுக்குப் பூப்பந்துப் போட்டி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். முதல் பரிசு ரைஸ் குக்கர். பள்ளிக்கூடத்தில் சாம்பியனாக இருந்த ஆனி அந்த நிமிடமே பெயரைக் கொடுத்துவிட்டாள். அவளுக்குக் கோப்பை வேண்டாம், கைதட்டல் வேண்டாம். குக்கர் பரிசாக வந்துவிட்டால் அதை யாரும் அலச வேண்டியதில்லை அல்லவா?

ஆம்ப்ரோஸ் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பழக வேண்டும். ஆனால் அவருடைய பழைய மர மட்டை அப்பளம் போல வளைந்திருந்தது. புதிதாக வாங்க வேண்டும். வந்தது வினை.

சிராங்கூன் ரோட்டில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்த அப்துல் மஜீதிடம் போய் நின்றார்.

"பாய், ஒரே ரேக்கெட்டா வேணும். மன்றத்து ஹால் உள்ளயும் ஆடணும், புளோக் கீழ காத்துலயும் ஆடணும்."

"இத எடுத்துக்குங்க சார். ரெண்டுக்கும் சரியா இருக்கும்."

"அதெப்படி பாய்? காத்துக்குக் கனமா வேணும். ஹாலுக்கு லேசா வேணும்."

"அப்ப நடுத்தரமா இது இருக்கு லா."

"நடுத்தரம்னா ரெண்டுக்குமே உதவாதே."

ஏழு சனிக்கிழமை இது நடந்தது. எஃகுத் தண்டு, அலுமினியத் தலை, புதிதாக வந்த கார்பன் என்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, நரம்பைச் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டு, கடை மின்விசிறியை ஒன்றிலும் மூன்றிலும் ஓடவிட்டு அதன் எதிரே வீசிப் பார்த்து, பக்கத்து மளிகைக் கடைத் தராசில் மல்லிக்கும் மிளகுக்கும் நடுவே நிறுத்தும் பார்த்தார். மஜீது நல்ல மனிதர். ஆம்ப்ரோஸ் வந்தால் ஒரு முக்காலியும் கோப்பியும் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். ஆனியோ புளோக் கீழே சுவரோடு தனியாக ஆடிப் பழகினாள்.

போட்டிக்கு முந்தின நாள் மஜீதே மனம் வெறுத்து இரண்டு மட்டைகளைக் கையில் திணித்தார். "ரெண்டையும் கொண்டு போங்க சார். புடிச்சத வச்சுக்கிட்டு மத்தத திருப்பிக் குடுங்க. இங்க மட்டும் நிக்காதீங்க."

மறுநாள் இறுதி ஆட்டம் வரைக்கும் ஆனி எப்படி இழுத்து வந்தாள் என்பது மாதாவுக்குத்தான் வெளிச்சம். ஆம்ப்ரோஸ் புள்ளிக்கு ஒரு மட்டை மாற்றினார். இறுதி ஆட்டத்தில் எதிரே முகைதீனும் பரீதாவும். ஆனி கணவனை மூலைக்குத் தள்ளினாள்.

"நீங்க இங்க நின்னு மெதுவா செலக்ட் பண்ணுங்க. நான் ஆடிக்கிறேன்."

நியாயப்படி முகைதீன் எல்லாப் பந்தையும் அந்த மூலைக்கே அடித்திருக்க வேண்டும். ஆனால் தலையைக் குனிந்து நரம்பை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் மேல் பந்தை அடிக்க அவருக்கு மனசு வரவில்லை. "அங்க அடிங்க" என்று பரீதா பல்லைக் கடித்தும் அவர் ஆனி பக்கமே அனுப்பினார். ஆனி விடுவாளா? பதினைந்துக்குப் பன்னிரண்டு. குக்கர் கிடைத்துவிட்டது என்று அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மன்றச் செயலாளர் அண்ணாதுரை இரண்டு குக்கர்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"வெள்ளை ஒன்னு, பூப்போட்டது ஒன்னு இருக்கு மிஸ்டர் ஆம்ப்ரோஸ். எது வேணுமோ நீங்களே பாத்து எடுத்துக்குங்க."

ஆனி சட்டென்று மேசையை நெருங்கி நின்றாள். ஆம்ப்ரோஸ் முகத்திலோ ஏழு சனிக்கிழமையும் வராத ஒரு பிரகாசம். மெல்லக் குனிந்தார். வெள்ளைக் குக்கரின் மூடியைத் தட்டினார். காதை வைத்தார்.

"இதோட ஒயர் எத்தன அடி? ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டு போய் ஒரு வாரம் சோறாக்கிப் பாத்துட்டு..."

அவர் முடிப்பதற்குள் ஆனி பூப்போட்டதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். ஆம்ப்ரோஸ் இரண்டு மட்டையோடும் பின்னால் ஓடினார்.

"ஆனி, நில்லு. அந்த வெள்ளைய நீ சரியாப் பாக்கவே இல்லையே."

"உங்களக் கட்டுனப்ப மட்டும் பாத்தா கட்டுனேன்?" என்றாள் ஆனி, திரும்பாமல்.

நன்றாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்களும் இந்த இனந்தானா என்று ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். என்ன, யோசித்துச் சொல்கிறீர்களா? போதும், வேறு பதில் வேண்டாம்.