நான் நிறைவு செய்த கல்

கல்லையும் தேங்காயையும் ஒன்றாகப் பார்த்தால் நான் இன்றும் இரண்டடி பின்வாங்குவேன். கோயில் வாசலில்கூடத் தேங்காயை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றுகொள்வேன். (எனக்குப் பக்தி இல்லை என்கிறார் பக்கத்து வீட்டம்மாள். இருக்கட்டும்.)

பணி ஓய்வுக்குப் பின் அஞ்சல்வழியில் நவீன ஆசியக் கலை வரலாறு படிக்கச் சேர்ந்தேன். ஜப்பானிலும் கொரியாவிலும் சில கலைஞர்கள் கல்லைச் செதுக்காமல், இரும்பை வளைக்காமல், அப்படியே தரையில் வைத்து, இதுவே கலை என்றார்கள். அவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, "பார்வையாளனே படைப்பை நிறைவு செய்கிறான்" என்று முடித்தேன். அந்த வரியைச் சாப்பாட்டு வேளைகளில் வாசித்துக் காட்டினேன். ரசம் ஆறியது.

மகள் சுமதிக்கு ஒரகடத்தில் ஒரு கொரியக் கம்பெனியில் அலுவலக நிர்வாக வேலை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சொன்னாள்: "எம்.டி. ஊர்லேருந்து ஏதோ விலையுள்ள சாமான் வந்திருக்குப்பா. ரிசப்ஷன்ல வச்சிருக்காங்க. நான்தான் பொறுப்பு. ஒரு கீறல் விழுந்தா என் வேலை காலி."

பீங்கான் ஜாடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பூஜைக்குக் குடும்பத்தோடு வரலாம் என்றதால் நானும் போனேன். மெஷினில் தொடங்கித் தண்ணீர் கேன் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். காவலாளி முனுசாமி மரியாதையாகச் சந்தன, குங்குமக் கிண்ணத்தையும் தேங்காயையும் என் கையில் கொடுத்தார். "பெருசு, முன்னாண்ட நீயே ஒடச்சிடு."

வரவேற்பறையில் ஜாடியைக் காணோம். நடுவில் அகலமான இரும்புத் தகடு, அதன்மேல் ஒரு கருங்கல். உடைக்கக் கல், தண்ணீர் தரையில் வழியாமலிருக்கத் தகடு! மகளின் ஏற்பாட்டை மனத்துக்குள் மெச்சினேன். கல்லுக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தேன். ஓங்கி ஒரே போடு.

"சோக்கா ஒடச்ச பெருசு!" என்றார் முனுசாமி.

நிமிர்ந்தேன். எதிர்ச் சுவரில் ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பலகை. ஒரு கலைஞரின் பெயர். அதன் கீழே: 'கல், இரும்பு. தலைப்பில்லை.'

தேங்காய் மூடிகளைக் கீழே வைத்தேன். கைக்குட்டையால் துடைத்தேன், சந்தனம் கல்லின் துளைகளுக்குள் இன்னும் நன்றாக இறங்கியது. அதற்குள் ஷிப்ட் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"இன்னாண்ணா, புதுச் சாமியா?"

"தெர்ல. கும்புட்டு வையி."

ஒருவர் எலுமிச்சம்பழம் வைத்தார். இன்னொருவர் தகட்டின்மேல் கற்பூரம் ஏற்றினார். அப்போது எம்.டி. உள்ளே வந்தார். நான் தூணுக்குப் பின்னால் போனேன். (தூண் ஒல்லி. நான் அப்படியல்ல.)

"யார் செய்தது?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். 'நான்தான்' என்று சொல்ல வாயெடுத்தேன்; சொல்லாமல் தூணோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன்.

சுமதி முன்னால் போனாள். "என் தப்பு சார். எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கணும்."

அவர் கற்பூரம் அணையும் வரை காத்திருந்தார். குனிந்து சந்தனத்தை விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு கல்லையும் தகட்டையும் தம் அறைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு நடந்தார். சுமதியின் வேலை போகவில்லை. ஆனால் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு பின்னால் வேறொருவருக்குப் போனது.

அன்று திரும்பும் பஸ்ஸில், "சுமதி, அது யாருன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"உங்க கையப் பாருங்கப்பா."

ஐந்து விரலும் குங்குமச் சிவப்பு. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறினேன். சிரிப்பு. கண்ணில் தண்ணீரும்தான். "நிறைவு பண்ணிட்டீங்களேப்பா!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் நிறைவு. பால் பொங்கி வழிந்தாலும் நிறைவு. நேற்றுகூடச் சமையலறையில் ஒரு கண்ணாடி டம்ளர் விழுந்து நொறுங்கியது.

"யாரு நிறைவு பண்ணது?" என்று உள்ளறையிலிருந்து கத்தினாள் சுமதி.

"நான்தான்" என்றேன், முந்திக்கொண்டு.

உடைத்தது பூனை.